முழுக்கை

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை மாட்டித்தான் அபர்ணாவைச் சிகிச்சைக்குக் கூட்டி வருவாள் அவள் அம்மா. "முரட்டுப் புள்ள மேடம், எப்பப் பாத்தாலும் எங்கயாவது விழுந்துட்டே இருப்பா" என்று அன்றும் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதுமே அபர்ணா வீசிய விளையாட்டு மரக்கட்டைகள் பறந்தன. ஒன்று சிகிச்சையாளர் ரெஜினாவின் புருவத்தைக் கிழித்தது. அடுத்து, குழந்தை பாய்ந்து வந்து அவள் முன்கையைக் கடித்தது. கடிக்கும் குழந்தையிடமிருந்து கையை இழுக்கக் கூடாது, இழுத்தால் சதை பிய்ந்துவிடும் என்பது ரெஜினாவின் தொழில் பாடம். கையை அந்த வாய்க்குள்ளேயே அழுத்தி, கத்தாமல் காத்திருந்தாள். ஆறு வயதுப் பற்கள் இன்னும் ஆழமாக இறங்கின. அபர்ணா கண்களை இறுக மூடி, அடி விழப்போகிறது என்பதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடி விழவில்லை. வெகுநேரம் விழவில்லை. தாடை மெல்லத் தளர்ந்தது. இங்கே வந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்தக் குழந்தை, முன்கையில் வழியும் ரத்தத்தையே பார்த்தது. சுருட்டியிருந்த ரெஜினாவின் சட்டைக்கையைக் காயம் மறையும்வரை இழுத்துவிட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் கவனமாகப் போட்டது. பிறகு அவள் காதோடு சொன்னது: "யாராச்சும் கேட்டா, கீழ விழுந்துட்டேன்னு சொல்லணும் மிஸ்."