கேளுங்கள், பதில் சொல்லுங்கள்

பாடப் புத்தகத்துக் கணவன் இந்த முறை மனைவியின் குடையைத் தொலைத்திருந்தான்.

"சாரி டியர். இட் வாஸ் மை ஃபால்ட்" என்று மைக்கில் குழைந்தான் அவளுடைய நிஜக் கணவன்.

"தட்ஸ் ஆல் ரைட். நெவர் மைண்ட்" என்று அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது.

ஆங்கிலம் கற்றுக்கொள்கிறவர்களுக்கான புத்தகம். அதோடு வரும் ஒலிப்பாடங்களுக்கு இவர்கள் இருவரும்தான் குரல். பாதியில் குரலை மாற்ற முடியாதென்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் அக்கா வீட்டிலிருந்து அவள் இந்த ஒலிப்பதிவு அறைக்கு வந்துபோகிறாள்.

இதை எழுதிய மகராசன் ஜென்மத்தில் யாரோடும் குடும்பம் நடத்தியிருக்க மாட்டான்.

புத்தகத்துக் கணவன் தாமதமாக வருவான், சாரி. கோப்பையை உடைப்பான், சாரி. பிறந்தநாளை மறப்பான், அதற்கும் சாரி. அந்த அம்மாளும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டுவாள். அந்த வீட்டில் ஒரு கதவுகூட அறைந்து சாத்தப்படுவதில்லை.

மாமனார் உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்தபோது, போனை அணைத்துவிட்டு நண்பன் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த மருமகனுக்கு இதில் எந்தப் பாடம்?

எல்லாம் முடிந்தபிறகு வந்து நின்றவன், "நான் இருந்திருந்தா மட்டும் பொழச்சிருப்பாரா?" என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தான். அவள் பெட்டியைக் கட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் இந்தப் புத்தகம் எழுதிக் கொடுத்ததைத்தான்.

அடுத்த பாடத்துக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் இன்னும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஐ ஷுட் ஹேவ் பீன் தேர். ஐ ஆம் சாரி."

குரல் பிசிறியது. நடிப்புகூட வரமாட்டேன் என்கிறது இவனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

"தட்ஸ் ஆல் ரைட். நெவர் மைண்ட்." வாய் பழகிப்போயிருந்தது. சிரிப்பும் தானாகவே வந்தது.

விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார்.

"சார், எந்தப் பக்கத்தைப் படிக்கிறீங்க? இது ரயில்வே ஸ்டேஷன் பாடம். நீங்க டிக்கெட்தான் வாங்கணும்."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அவன் பயணி, அவள் டிக்கெட் கொடுப்பவள். அந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எதிரே அவன் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினான். நிமிர்ந்து பார்க்கவில்லை அவன்.

"ஏன், நம்ம பாஷையில சொல்ல நாக்கு எழும்பலையா?" என்றாள் அவள்.

அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். மறுபடியும் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அவர் பேசினதை அழிச்சிடுங்க. நான் சொன்ன பதிலையும் சேர்த்து."