துணிக்கொடியின் மறுமுனை

பக்கத்து வீட்டு மரத்திலிருந்து மதில் தாண்டி வந்த ஒரு கிளையால் தையல்காரருக்கும் அந்த வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கும் ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும்தான்.

"இலை கூட்டியே எங்க இடுப்பு ஒடியுது, சார்."

இந்த முறை வாத்தியார் குரலை உயர்த்தவில்லை. "என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடக்கா, தம்பி. ஜன்னல்ல அவளுக்குத் தெரியறது அந்தக் கிளை ஒண்ணுதான். கொஞ்ச நாள் பொறுங்க."

தையல்காரர் பொறுக்கவில்லை. வாத்தியார் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து ஆள் கூட்டிவந்து, மதிலோடு ஒட்ட வெட்டி, ஒரு சுள்ளி மிச்சமில்லாமல் வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

மறுநாள் அவர் மனைவி ஈரத்துணியோடு கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, நம்ம கொடியோட அந்த முனையை எதுல கட்டியிருந்தோம்?"

அந்தக் கிளையில்தான். இத்தனை சண்டையிலும் கணவன் மனைவி இருவருக்கும் அது உறைக்கவே இல்லை. கொடி இன்னும் விறைப்பாக நின்றது. ஒரு முனை சுவர்க் கொக்கியில், மறுமுனை வெறும் காற்றில்.

மனைவி கொடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் துணியைக் காயப்போட்டாள். வேறு என்ன செய்வது? கொடி தாங்கியது. பதினோரு நாள் தாங்கியது.

பன்னிரண்டாம் நாள் காலை வாத்தியாரின் மனைவி இறந்துபோனார். தையல்காரர் துக்கம் கேட்கப் போனார்.

"நீங்க வெட்டின பிறகும், கிளை ஆடுதுன்னுதான் சொல்லிட்டிருந்தா, தம்பி." வாத்தியார் குரலில் கோபம் இல்லை.

தையல்காரர் வீடு திரும்பியபோது மனைவி மண்ணில் விழுந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கயிறு அறுந்திருக்கவில்லை. அவர் போட்ட முடிச்சு அவிழாமல், அந்தக் கிளையின் பருமனுக்கு வட்டமாக, இறுக்கமாகக் கிடந்தது.