இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே

கல்லூரி முதல்வர் அறையின் ஏ.சி. குளிர் வெளியே போய்விடாமலிருக்க ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். நடுவில் எப்படியோ ஈரம் புகுந்து, உள்ளுக்குள்ளேயே பனி படிந்துவிட்டது. அந்தப் பனியில் ஒருநாள் காலை முதல்வரின் முகம் வரையப்பட்டிருந்தது, மீசையோடு. பழி மாணவன் செந்தூரன்மேல் விழுந்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் ஹால் டிக்கெட் என்றார் முதல்வர்.

"நடுவுல விரலே போகாதே சார், நான் எப்படி வரைவேன்?"

"உன்னைத் தவிர இந்தக் காலேஜ்ல யாருக்குடா இவ்வளவு கொழுப்பு?"

"கொழுப்புக்கு வேணா மன்னிப்புக் கேக்கறேன் சார். வரையாததுக்குக் கேக்க முடியாது."

"அப்ப போய்த் துடை. அது போனாத்தான் பரீட்சை."

செந்தூரன் வெளியே நின்று துடைத்தான். படம் போகவில்லை. பொறுக்காமல் முதல்வரே உள்ளேயிருந்து துடைத்தார். அப்போதும் போகவில்லை. இரண்டு துணிகளும் எதிரெதிரே அசையாமல் நிற்க, நடுவிலிருந்த பனியில் ஒரு கோடு தானாக ஊர்ந்தது. படத்தின் தலையில் ஒரு கொம்பு முளைத்தது.

முதல்வர் மேசைக்கு ஓடி ஹால் டிக்கெட்டை எடுத்துவந்து கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். அதை நிறுத்தச் சொல் என்று கையால் கெஞ்சினார்.

செந்தூரன் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டான்.

"இருங்க சார், இன்னொரு கொம்பு பாக்கி இருக்கு."