வெறுங்கால் கெத்து

"வெண்புயலுக்குப் பூட்ஸாம்! எவன் குடுத்த ஐடியா இது?" தனக்குப் பிடித்த காமிக்ஸ் நாயகியின் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிரிட்டோ கத்திக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டுக் கத்துங்க," என்று அவன் மனைவி ஆன்மேரி சோறு போட்டாள்.

"காமிக்ஸ்ல அவ உப்பளத்துல உப்பு வார்ற பொண்ணு. ஆபத்துன்னா பறந்து வருவா. இருபத்திரண்டு புக்லயும் வெறுங்கால்தான். அதான் அவ கெத்தே! டைரக்டரு மன்னிப்பு கேக்கணும்னு எங்க ரசிகர் குரூப்புல நானூறு பேரு கையெழுத்து போட்டிருக்கோம்."

"டைரக்டரை விட்டுடுங்க. பூட்ஸ் போடச் சொன்னது நான்தான்."

பிசைந்த கை அப்படியே நின்றது. "நீயா?"

"நம்மூர்ல ஷூட்டிங் நடந்தப்ப, அந்த நடிகைக்கு உப்பு வாரச் சொல்லிக்குடுக்க என்னைக் கூட்டிட்டுப் போனாங்கல்ல? 'கதையில எதனா தப்பு இருக்குதாம்மா'ன்னு டைரக்டரு கேட்டாரு. 'இவ்ளோ சக்தி இருக்கிறவ, மொதல்ல காலுக்கு ஒரு பூட்ஸ் வாங்கியிருப்பா சார்'னு சொன்னேன்."

"உனக்கு காமிக்ஸப் பத்தி இன்னா தெரியும்?"

ஆன்மேரி உட்கார்ந்து, வெடித்து ரத்தம் கசிந்த குதிகாலில் தேங்காய் எண்ணெயைத் தடவினாள்.

"நாளைக்கு என்கூட உப்பளத்துக்கு வேலைக்கு வாங்க. செருப்பை வீட்லயே வெச்சிட்டு வாங்க. கெத்து தெரியும்."