கடைசி ஆள் யாரு?

சந்தியாகோ நகரின் மேட்டுத் தெருவில் வரிசை ஒன்றைப் பார்த்ததும் எவேலியோ நின்றுவிட்டார்.

"கடைசி ஆள் யாருங்க?"

"நான்தான்," என்று ஒரு பெண் கை தூக்கினாள்.

அவர் மனைவி மிக்தாலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு கணவரைத் திட்ட ஆரம்பித்தார்.

"மறுபடியுமா? என்ன விக்கிறாங்கன்னாவது தெரியுமாய்யா?"

"தெரியாது. இவ்வளவு பேர் நின்னா ஏதாவது நல்ல சரக்காத்தான் இருக்கும்."

"ரொட்டிக்கு நின்ன, பாதியில கிளம்பிட்ட. சோப்புக்கு நின்ன, அதையும் வாங்கல. பக்கவாதம் வந்த காலு, நடக்க நடக்கத்தான் பலம் வரும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"இப்படி நின்னு நின்னு போனா எந்தக் காலத்துல பலம் வரும்? உனக்கெல்லாம் யாருய்யா சொல்லிப் புரியவைக்கிறது!"

முன்னால் நின்ற பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "முடியாத மனுஷரைப் போய் இப்படித் திட்டுறீங்களேம்மா! ஐயா, நீங்க இந்தப் படியில உட்காருங்க."

"முடியாத மனுஷரா? அந்தாளு கல்லு மாதிரி இருக்காரு! பக்கவாதம் வந்தது எனக்கு!"

அவள் பதறிப்போனாள். "ஐயோ, அப்ப நீங்க உட்காருங்கம்மா."

"நான் எதுக்கு உட்காரணும்? களைச்சுப் போயிட்டேன்னு நான் சொன்னேனா? என்னை யாராவது உட்காரச் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

அந்தப் பெண் எவேலியோவின் காதோரம் கிசுகிசுத்தாள். "ஐயா, இது கைக்குழந்தைங்களுக்குப் பால்பவுடர் குடுக்கிற வரிசை."

"தெரியும்மா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். அவர் கண் மனைவியின் வலது முழங்காலிலேயே இருந்தது. மேடு ஏறும்போது தொடங்கிய அதன் நடுக்கம் இப்போது நின்றிருந்தது.

"வா மிக்தாலியா, போலாம். இந்த வரிசை நகராது போல."