பாலம் தாண்டிய பேரிங்

மஞ்சள் படகு ஒன்று டிரெய்லரில் ஏறிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் மேலிருந்த நீளமான பாலத்தின் நடுவே இடது சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது.

"யாரது?" என்றது படகு.

"நான்தான், பேரிங்," என்றது சக்கரத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "உப்புத்தண்ணி புகுந்து கிரீஸ் கெட்டுப்போச்சு. எனக்குள்ள உருள்ற இரும்புக் குண்டெல்லாம் உடையுது. பயப்படாதே, பட்டறை வரைக்கும் தாங்கிருவேன்."

சக்கரம் கொதித்தது. புகை கிளம்பியது. படகு கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஒருவழியாகப் பாலம் முடிந்து பட்டறையும் வந்தது.

மெக்கானிக் ரெமிஜியுஸ் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கைத் தட்டி வெளியே எடுத்தார். குண்டுகளில் பாதி நொறுங்கிக் கிடந்தன. "இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் ஓடுச்சு!" என்று வியந்தவர், புதுப் பேரிங்கில் கிரீஸை அடைத்து மாட்ட ஆரம்பித்தார்.

தரையில் கிடந்த பழைய பேரிங்கைப் படகு பார்த்தது.

"எனக்காகவா இத்தனை வலியையும் பொறுத்துக்கிட்டே?"

"நீ தண்ணியில விழுந்தாலும் மிதந்துக்குவே," என்றது பேரிங். "சக்கரம் கழண்டு ஓடியிருந்தா, நமக்குப் பின்னாலயே ஒரு ஸ்கூல் வேன் வந்துச்சே, அது மிதக்குமா?"