மூன்றாவது கூட்டம்

"மாஸ்டரை இந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிடப் போறேன், மேடம். நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்."

நிர்வாக அதிகாரி மேஜையைத் தட்டினார். எதிரே உட்கார்ந்திருந்தவள் அந்த மருத்துவமனையின் புள்ளியியல் ஆய்வாளர். எந்நேரமும் கணினியில் கோடு போட்டுக்கொண்டே இருப்பதால் 'கோடு மேடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"மாஸ்டர் என்ன சார் தப்பு பண்ணினார்?"

"முட்டி ஆபரேஷன் ஆனவங்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தானே அவரை வச்சிருக்கோம்? மாசக்கணக்கா கொடுத்தும் வலி குறையலையே! சராசரியைப் பாருங்க, செக்குமாடு மாதிரி அங்கேயே சுத்துது."

"சராசரி எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டிடும் சார். ஒவ்வொருத்தர் வலியும் வாராவாரம் எப்படி மாறுதுன்னு பார்த்து, ஒரே மாதிரி மாறுறவங்களைக் கூட்டம் கூட்டமா பிரிச்சுப் பார்க்கிறேன். ரெண்டு நாள் கொடுங்க."

"ரெண்டே நாள்தான்!"

மறுநாள் கணினி மூன்று கூட்டமாகப் பிரித்துக் காட்டியது. முதல் கூட்டத்தின் வலி சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல் சர்ரென்று இறங்கியது. இரண்டாவது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கியது. மூன்றாவதுதான் விநோதம். நன்றாக இறங்கிக்கொண்டே வந்து, 'அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம்' என்று டாக்டர் சொன்னதுமே தேள் கொட்டியதுபோல் துள்ளி மேலே ஏறியது.

கோடு மேடம் எழுந்து நேராகப் பயிற்சி அறைக்கே போய்விட்டாள். உள்ளே ஒரே சிரிப்பு. மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா, மாஸ்டரோடு போட்டி போட்டுக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "ஐயோ… அம்மா!" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் டீச்சர், இப்பதானே ஜம்முனு ஏறினீங்க?"

டீச்சரம்மா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே கண்ணு. வலி போயே போச்சு. ஆனா சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டா என் பொண்ணு என்னைக் கார்ல கூட்டிட்டு வருவாளா? ஒரே வீட்டுலதான் இருக்கோம். அவ பக்கத்துல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசறது இங்கே வந்து போற நேரத்துலதான்."

பக்கத்தில் இருந்த ரிட்டையர்டு டிரைவரும், "அதே கதைதாம்மா. எனக்குப் பொண்ணு இல்லை, பையன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

கோடு மேடம் திரும்பி வந்து சரிபார்த்தாள். முதல் இரண்டு கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் தாங்களே பஸ் பிடித்து வந்து போகிறவர்கள். மூன்றாவது கூட்டத்தில் அத்தனை பேரையும் பிள்ளைகள்தான் அழைத்து வருகிறார்கள்.

யார் பெயரையும் சொல்லாமல், விஷயத்தை மட்டும் அதிகாரியிடம் சொன்னாள்.

"அப்போ மாஸ்டர் மேல தப்பே இல்லையா?"

"அவர் வலியைப் போக்கிட்டார் சார். அதுதான் இவங்களுக்குப் பிரச்சினை."

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டரை மறந்தே போனார்.

"என்ன பிள்ளைங்க மேடம் இதுங்க! பெத்தவங்க பக்கத்துல அரை மணி நேரம் உட்கார முடியலையா? இல்லாத வலியைச் சொல்லித்தான் அதுக்கும் வழி பண்ணணுமா? இவங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்!"

செல்போன் ஒலித்தது. எடுத்து, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கார் சாவியோடு எழுந்தார்.

"மாஸ்டர் இருக்கட்டும் மேடம், மீதியை நாளைக்குப் பேசுவோம். அம்மா கீழே பயிற்சி முடிச்சுட்டுக் காத்திருக்காங்க, வீட்டுல விட்டுட்டு வந்துடறேன். போன வாரம்தான் முட்டி நல்லாயிடுச்சு, இனி வர வேண்டாம்னு டாக்டர் சொன்னார். பாவம், மறுநாளே உயிர் போற வலியாம்…"

கதவுப் பிடியில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.